டர்போவோடு வந்த ஹீட்டர்

அவரிடம் எதைக் கேட்டாலும் "இருக்கலாம்" என்பார். ஆங்கிலத்தில் கேட்டால் "மேபி லா". சொந்த ஊர் ஈப்போவா என்று ஒருமுறை கேட்டேன். இருக்கலாம் என்றார். பிறந்த ஊரில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மலேசியாக்காரர் என்பது மட்டும் பேச்சிலேயே தெரிந்துவிடும். லாரியை லோரி என்பார். காலையில் யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதிலாக "பசியாறியாச்சா?" என்பார். சம்பளச் சீட்டில் அவருக்கு ஒரு பெயர், ஞாயிற்றுக்கிழமை போகிற தேவாலயத்தில் இன்னொரு பெயர். எது சரியான பெயர் என்று கேட்டவருக்கும் அதே பதில்தான் கிடைத்ததாம். ஆகவே இங்கே பெயரை விட்டுவிடுகிறேன். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சரக்கு லாரி டிப்போவில் அவர் டீசல் மெக்கானிக். நான் அங்கே ஓட்டுநர். ஒன்பது வருடம் ஆகிறது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். ஆள் குள்ளம். எஞ்சினை எட்டிப் பார்க்க பால் பாக்கெட் அடுக்குகிற ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். அந்தக் கிரேட்டைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். சிமென்ட் தரையில் அது உரசுகிற சத்தம் கேட்டால் அக்கா வருகிறார் என்று அர்த்தம்.

உதிரி பாகங்கள் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோரில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருந்தார். அக்காவைக் கிண்டல் செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது. "அவவிட்ட நேரம் கேட்டுப் பாரும். பத்தரையா இருக்கலாம் எண்டுதான் சொல்லுவா," என்பார். ஆனால் மற்ற மெக்கானிக்குகள் வாங்கிப்போகிற சாமானில் பாதி, தேவைப்படவில்லை என்று திரும்பி வரும், அக்கா கேட்டு வாங்கியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று என்னிடம் சொன்னவரும் அவரேதான்.

ஒருமுறை ஒரு வண்டி கன்னங்கரேலென்று புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. மேலாளர் இந்த ஊர் வெள்ளைக்காரர், எதையும் காலைக் காபி ஆறுவதற்குள் முடிவு கட்டிவிடுகிறவர். டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்கள் போய்விட்டன, புதிது வரவழையுங்கள் என்றார். அக்கா "மேபி" என்றார். அரை நாள் கழித்து, காற்று உள்ளே போகிற குழாயிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை உருவி எடுத்து மேலாளரின் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். அப்போதும், அந்தப் பைதான் காரணமா என்று நான் கேட்டதற்கு இருக்கலாம் என்றார். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. இவருக்கு வேலை தெரியுமா, தெரியாதா?

இனி என் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. அந்த வருடக் குளிர்காலத்தில் நான் லாரியில் குடியிருந்தேன்.

அதுவரை பாட்டனி டவுன்ஸில் என் தங்கை வீட்டில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் தங்கை கணவர், "இங்கயே பர்மனென்ட்டா இருக்கிற ஐடியாவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரூம் பார்த்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே பெட்டியோடு கிளம்பினேன். ரோஷம் வந்தது, ரூம் வரவில்லை. பார்த்த இடத்திலெல்லாம் எனக்கு முன்னால் இருபது பேர் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். எனக்கு அதிகாலை ஓட்டம் என்பதால் வண்டியை நானே வைத்துக்கொள்ள டிப்போவில் அனுமதி உண்டு. பக்கத்துத் தெருவில், கிடங்குகளுக்கு நடுவே நிறுத்துவேன். இருக்கைக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மெத்தையும், அதை மறைக்க ஒரு திரையும் இருந்தன. திரைக்குப் பின்னால் என் மொத்தக் குடித்தனமும் அடங்கிவிட்டது: கம்பளி, பல் துலக்கும் பிரஷ், சின்ன ரைஸ் குக்கர், முருகன் படம். ஆக்லாந்துக் குளிர் ஈரக் குளிர், எலும்பு வரை இறங்கும். எஞ்சின் ஓடினால்தான் ஹீட்டர் வேலை செய்யும். ஆகவே விடிய விடிய ஓடவிட்டேன். நின்ற இடத்தில் சும்மா ஓடுகிற எஞ்சினுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

இது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். என் விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது. திருச்சியில் மனைவியும் மகளும் பெட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். வேலை போனால் விசா போகும், விசா போனால் அவர்கள் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான்.

மூன்றாவது வாரத்தில் புகை ஆரம்பித்தது. காலையில் சரக்கு ஏற்றிக்கொண்டு டிப்போவை விட்டுக் கிளம்பும்போது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் ஒரு மேகமே எழும்பும். கறுப்புப் புகை என்றால் காற்றுப் போதவில்லை, நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, வெள்ளை என்றால் தண்ணீர் அல்லது எரியாத டீசல் என்பது ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்த பால பாடம். என் வண்டிப் புகை இதில் எதிலும் சேரவில்லை. வெள்ளையும் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். புடவைக் கடைக்காரர்கள் வேண்டுமானால் அதற்குப் பெயர் சொல்வார்கள். கண் எரிகிற நெடி வேறு. சைலன்சர் குழாயின் வாயில் கறுப்பாக ஏதோ பிசுபிசுவென்று வழிந்தது.

அக்காவிடம் வண்டி போனது. கிரேட்டை உதைத்துக்கொண்டு வந்தார். "பசியாறியாச்சா தம்பி?" என்றார். ஆச்சுக்கா என்றேன். ஆகவில்லை. அப்புறம் ஒரு வெள்ளை அட்டையைக் குழாயின் முன்னால் கொஞ்ச நேரம் பிடித்தார். அதில் வண்டி எண்ணை எழுதிப் பட்டறை ஹீட்டர் பக்கத்தில் காய வைத்தார். இது அவர் வழக்கம். தண்ணீர் என்றால் காய்ந்து ஒன்றுமில்லாமல் போகும், டீசலும் எண்ணெயும் கறையை விட்டுவிடும். என் அட்டையில் வட்டம் வட்டமாகக் கறை. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார். என்னக்கா என்றேன். தண்ணீர் இல்லை போலிருக்கிறது என்றார். அப்படியென்றால் எண்ணெயா? இருக்கலாம். டீசலா? அதுவும் இருக்கலாம்.

நான்கு நாள் இப்படியே போனது; ஓட்டம் முடிந்து வந்ததும் அக்கா வண்டியைப் பார்ப்பார், ராத்திரி அது என்னிடமே இருக்கும். ஒரு நாள் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பார்ப்பார். மறுநாள் இன்ஜெக்டர், அதற்கு மறுநாள் காற்று வடிகட்டி. ஒவ்வொன்றையும் பார்த்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி, பிறகு கோடு போட்டு அடிப்பார். நடுவில் என்னிடம் கேள்வி கேட்பார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. எந்த பெட்ரோல் பங்க்கில் டீசல் போடுகிறேன், மத்தியான பிரேக்கில் எங்கே நிறுத்துகிறேன், வீட்டிலிருந்து டிப்போ எவ்வளவு தூரம். அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும், இன்னும் தங்கை வீட்டில் இருப்பதுபோல, பாட்டனி என்று சொல்லிவைத்தேன்.

பிறகு ஒரு காலை, குனிந்து எதையோ துடைத்துக்கொண்டே கேட்டார்.

"காலையில நீங்க ஸ்டார்ட் பண்றப்போ எஞ்சின் எப்படி இருக்கும்? சில்லுன்னா, சூடாவா?"

"சூடாத்தான் இருக்கும்," என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இரவெல்லாம் குளிரில் நின்ற எஞ்சின் காலையில் எப்படிச் சூடாக இருக்கும்? "அதாவது, சீக்கிரமே சூடாயிடும்க்கா," என்று சமாளித்தேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இருக்கலாம்," என்றார்.

அன்று சாயங்காலம் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று என் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். விமான நிலையச் சாலையில் போய்த் திரும்பினோம். முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் திரை. அதைக் கொஞ்சம் விலக்கினால் முருகன் தெரிவார். அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, "ரசப்பொடி வாசம் வருதுலா," என்றார். மத்தியானச் சாப்பாடு என்றேன். திரும்பி வரும்வரை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைக் கண்டாலே பயம் வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு புகைக்கு எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அக்கா சுவரில் மீதியிருந்த இரண்டு சொற்களைக் காட்டி மேபி என்றார்; ஒன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ. மேலாளர் என் பக்கம் திரும்பினார். நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த வண்டி முன்பு ஒழுங்காகத்தானே ஓடியது, புது ஓட்டுநர் வந்த பிறகு ஏன் இப்படி, தொட்டியில் வேறு எதையாவது ஊற்றினாயா, உள்ளே என்னதான் வைத்திருக்கிறாய், நானே பார்க்கிறேன் என்றார். சொல்லிக்கொண்டே கேபின் கதவைத் திறந்து, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார்.

எனக்கு மகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"டர்போ," என்றார் அக்கா.

மேலாளர் படியில் கால் வைத்தபடியே திரும்பினார். உறுதியாகவா என்று கேட்டார்.

"டர்போ. ஹண்ட்ரட் பர்சென்ட்."

பட்டறையில் இருந்த எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த வாயிலிருந்து அப்படியொரு சொல்லை யாரும் கேட்டதில்லை. மேலாளர் காலைக் கீழே இறக்கினார். சரி, மாற்று என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனார். நான் கதவைச் சாத்தினேன்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. வண்டி இரண்டு நாள் இங்கே நிற்கும், உள்ளே சாமான் இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கிரேட்டை எடுத்துக்கொண்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார். அந்த இரண்டு ராத்திரியும் சான்ட்ரிங்ஹாமில் ஒரு நண்பன் வீட்டுச் சோபாவில் ஒண்டிக்கொண்டேன். முதல் நாள் கடைசி பஸ் போய்விட்டது என்றேன். இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். அவன் நல்லவன், நம்பினான்.

வண்டி திரும்பி வந்தபோது படுக்கைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் ஓடுகிற ஹீட்டர். இது என்னக்கா என்று கேட்டேன்.

"இது டர்போவோட வர்றது," என்றார். "டர்போ மாத்துனா இதையும் வைப்பாங்க. நின்ன இடத்துல எஞ்சின ஓட விடாதீங்க தம்பி, புது டர்போவுக்கு ஆகாது. குளிருனா எஞ்சின அணைச்சிட்டு இதப் போட்டுக்குங்க. நல்லா பாரம் ஏத்தி ரெண்டு தடவ பாம்பே ஹில்ஸ் ஏறிட்டு வாங்க."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே எனக்கு ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தில் வேறெதுவும் யோசிக்கவில்லை. ஹீட்டரின் மூடியில் வேறு ஏதோ வண்டியின் எண் மங்கலாகத் தெரிந்தது. அதையும் பார்த்தேன், அதையும் யோசிக்கவில்லை. பாரம் ஏற்றி ஆக்லாந்துக்குத் தெற்கே அந்த மேட்டுச் சாலையில் ஏறினேன். முதல் தடவை இருந்த புகையெல்லாம் குபுகுபுவென்று வந்தது. இரண்டாம் தடவை குழாய் சுத்தமாக இருந்தது. அதன் பிறகு புகையே இல்லை. இரவில் எஞ்சின் அணைந்திருக்க, கதகதவென்று தூங்கினேன். டர்போ மாற்றியதில் எவ்வளவு நன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துத்தான் சேதி வந்தது. கழற்றிய டர்போவைப் பழுது பார்க்கிற இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் போன் செய்து, இதில் ஒரு குறையும் இல்லையே, எதற்கு அனுப்பினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மேலாளர் அதைத் தேநீர் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஹண்ட்ரட் பர்சென்ட் என்று அக்காவைப் போலவே சொல்லிக் காட்டினார். அறை சிரித்தது. "ஒருநாளும் நிச்சயமாச் சொல்லாதவ. சொன்ன ஒரு நாளும் பிழையாப் போச்சு," என்றார் ஸ்டோர்க்கார அண்ணன்.

நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். நல்ல வேளை, இந்த அம்மாவுக்கு வேலை தெரியவில்லை, அதனால் நாம் தப்பித்தோம் என்று மனதுக்குள் ஓடியது. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் ஓடியது.

அக்கா தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும் கோப்பையோடு என்னைக் கடந்து போனவர் நின்று, "பசியாறியாச்சா தம்பி?" என்றார். ஆச்சுக்கா என்றேன். அன்றைக்கு மட்டும் அது உண்மை.

அதிலிருந்து அவர் எந்த வண்டியைப் பார்த்தாலும் இன்னொரு மெக்கானிக் வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேலாளர் ஆக்கிவிட்டார். அவருக்குக் கையெழுத்துப் போட வந்தவர், அக்கா டீசல் வேலை கற்ற காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். அக்கா கிரேட்டிலிருந்து இறங்கி ஒதுங்கி நின்று இடம் கொடுப்பார். டர்போ நன்றாக இருந்தது என்றால் புகை ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. நான் ஒரே ஒரு முறை அவரிடமே கேட்டேன். அப்போ அது டர்போ இல்லியாக்கா? இருக்கலாம் என்றார். பழைய அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று விட்டுவிட்டேன்.

வசந்தம் வந்தது. எனக்கு மங்கரேயிலேயே ஒரு அறை கிடைத்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அறை இல்லை என்றும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்த வாரமே அக்கா வந்து நின்றார்.

"அந்த ஹீட்டரக் கழட்டிக்கட்டுமா தம்பி? இன்னொரு லோரிக்கு வேணும்."

டர்போவோடு வந்ததுதானே, அதைக் கழற்றலாமா என்று கேட்டேன். முதல் குளிர்காலத்துக்குத்தான், அப்புறம் டர்போ பழகிவிடும் என்றார். கழற்றிக்கொண்டு போனார். எனக்கு அறை கிடைத்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றும் தெரியவில்லை. தலை வாரியிருந்தேனோ, சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தேனோ. அந்த இன்னொரு லாரியை யார் ஓட்டினார்கள் என்பதையும் நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை கிரேட் மட்டும் இருந்தது, அவர் இல்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய்விட்டார் என்றார்கள். ஈப்போவுக்கே திரும்பிவிட்டார் என்றும் சொன்னார்கள். இரண்டும் இருக்கலாம்.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். புது டர்போவுக்கு முதல் குளிர்காலம் ஒரு ஹீட்டர் வைப்பார்கள் என்பதை இத்தனை வருடமும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், புதிதாக வருகிற ஓட்டுநர்களுக்கெல்லாம் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் புத்தியைச் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

இந்த ஜூனில் என் வண்டியின் டர்போ நிஜமாகவே போய்விட்டது. தாடி வைத்த ஒரு சமோவாக்காரர் புதிதாக மாற்றிக் கொடுத்தார். சாவியை வாங்கிக்கொண்டு, ஹீட்டர் எப்போது வைப்பீர்கள் என்று கேட்டேன். என்ன ஹீட்டர் என்றார். டர்போவோடு வருமே, எஞ்சினை அணைத்தாலும் ஓடுமே, அது என்றேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அது வண்டியிலேயே தூங்குகிறவர்களுக்கு வைப்பது, டர்போவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றார். பிறகு, நின்ற இடத்தில் இரவெல்லாம் ஓடவிட்டால் எண்ணெயும் டீசலும் குழாயில் சேர்ந்து புகை வரும், அதைத் தடுக்கவும் சிலர் வைப்பார்கள் என்று பொறுமையாக விளக்கினார்.

நான் அந்தப் பட்டறையில் அப்படியே நின்றேன். சூடாத்தான் இருக்கும் என்று நான் சொன்ன காலை, ரசப்பொடி, படியில் வைத்த கால், மூடியில் இருந்த வேறு வண்டியின் எண். தேநீர் அறையில் நான் சிரித்த சிரிப்பு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. ஒரு வருடம் முழுக்க அவர் எனக்காகத் தலை குனிந்து கிரேட்டிலிருந்து இறங்கி நின்றிருக்கிறார். நான் அதைப் பார்த்துக்கொண்டே பாரம் ஏற்றிப் போயிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சமோவாக்காரர் ஆறுதலாக என் தோளைத் தட்டினார். உங்களுக்கு இதைச் சொன்ன மெக்கானிக்குக்கு வேலை தெரியாது போலிருக்கிறது, தவறாகச் சொல்லியிருக்கிறார் என்றார்.

"இல்லை," என்றேன். "அவர் சொன்னது சரி. ஹண்ட்ரட் பர்சென்ட்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. திருதிருவென விழித்துக்கொண்டு நின்றார்.